கட்டற்ற மென்பொருள் கோடைக்காலத் திட்டங்களும் வழிகாட்டித் தொடர்ச்சியும்: மொறட்டுவை, கேரளம், தமிழகம் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் உருவாக்கத்தில் ஈடுபடுத்தும் கோடைக்காலத் திட்டங்களுள் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' முதன்மையானது. இத்திட்டத்தில் இடம்பெறுவது மாணவரின் தனித்திறனையும் அவர் பயிலும் நிறுவனத்தின் பெயரையும் மட்டுமே பொறுத்தது என்னும் எண்ணம் கல்விப்புலத்தில் நிலவுகிறது. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், கேரளத்தின் அமிர்தபுரி வளாகம், மலையாள மொழிக் கணிமைக் குழு ஆகியவற்றின் வரலாற்றைத் தமிழகத்தின் முயற்சிகளோடு ஒப்பிடும் இக்கட்டுரை, பங்கேற்பைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி உள்ளூரில் நிலவும் வழிகாட்டித் தொடர்ச்சியே என நிறுவ முயல்கிறது. ஒட்டன்சத்திரம் போன்ற சிற்றூர்ப் பகுதிகளின் மாணவர்களுக்கு இம்முடிவு எவ்வகையில் பொருந்தும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், கோடைக்காலத் திட்டம், வழிகாட்டி, மொறட்டுவை, சகானா, தமிழ்க் கணிமை, ஒட்டன்சத்திரம்.

1. முன்னுரை

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வழங்கும் மென்பொருள் கட்டற்ற மென்பொருள் எனப்படுகிறது. இணைய வழங்கிகள் முதல் கைப்பேசிகள் வரை இன்றைய கணினி உலகின் பெரும்பகுதி இத்தகைய மென்பொருள்களின் மீதே இயங்குகிறது. இவற்றை உருவாக்குவோர் பல நாடுகளில் சிதறி வாழும் நிரலாளர்கள். ஒருவருடைய பங்களிப்பு ஏற்கப்படுவதற்குப் பட்டமோ பரிந்துரையோ தேவையில்லை. அவர் எழுதிய நிரலின் தரமே போதுமானது என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கை.

கொள்கையளவில் திறந்திருக்கும் இக்கதவு நடைமுறையில் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைக் கொண்ட ஊர். அச்சந்தையைச் சார்ந்து வாழும் வேளாண் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் ஆகிய பகுதிகளின் கல்லூரிகளில் கணினியியல் பயில்கின்றனர். அவர்களிடம் கணினி உள்ளது, இணையம் உள்ளது, பாடத்திட்டமும் உள்ளது. ஆயினும், உலகளாவிய மென்பொருள் ஒன்றின் நிரலில் தம் பெயரைப் பதிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எட்டுவதற்கு இவை போதுமா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்குரிய விடையை, ஏறத்தாழ இதே நிலையிலிருந்து முன்னேறிய பிற நிறுவனங்களின் வரலாற்றிலிருந்து பெற இக்கட்டுரை முனைகிறது.

2. திட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்திட்டத்தை அறிவித்தது. கோடை விடுமுறையில் மாணவர்கள் நிரலாக்கப் பயிற்சியை இழந்துவிடாமல் காப்பதும், கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்குப் புதிய பங்களிப்பாளர்களைச் சேர்ப்பதும் இதன் நோக்கங்கள். முதலில் 200 இடங்களே திட்டமிடப்பட்டிருந்தன. 8,700க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்ததால், தேர்வு செய்யப்பட்ட மாணவர் எண்ணிக்கை 400ஐக் கடந்தது. வெற்றிகரமாக நிறைவு செய்த மாணவருக்கு 4,500 டாலரும், வழிகாட்டும் மென்பொருள் அமைப்பிற்கு மாணவர் ஒருவருக்கு 500 டாலர் வீதமும் வழங்கப்பட்டன.

திட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், மாணவரைத் தேர்ந்தெடுப்பது கூகுள் அன்று என்பது புலனாகும். அப்பாச்சி, க்னோம், கேடிஇ போன்ற மென்பொருள் அமைப்புகள் தம் தேவைகளைப் பட்டியலிடுகின்றன. மாணவர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டோ, தாமே ஒன்றை முன்மொழிந்தோ, செய்யவிருக்கும் பணியை வாரவாரியாக விளக்கித் திட்டவரைவு எழுதுகிறார். அவ்வமைப்பின் வழிகாட்டிகள் அதைப் படித்து முடிவெடுக்கின்றனர். பணிக்காலம் முழுவதும் வழிகாட்டி ஒருவர் மாணவரின் நிரலைப் பார்வையிட்டுத் திருத்தம் கூறுகிறார். அவருடைய மதிப்பீட்டில் தேறினால் மட்டுமே உதவித்தொகை கிடைக்கும்.

ஆகவே விண்ணப்பத்திற்கு முந்தைய மாதங்களே உண்மையான நுழைவாயில். ஒரு மென்பொருளைப் பதிவிறக்கிக் கட்டமைத்து, அதில் சிறு வழு ஒன்றைக் கண்டறிந்து, திருத்த நிரல் அனுப்பி, அந்த அமைப்பினரிடம் அறிமுகம் பெற்ற மாணவரின் திட்டவரைவிற்கே மதிப்பு மிகுதி. இந்த முன்பணியை எப்போது, எவ்வாறு தொடங்குவது என்பதை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே அதைச் செய்து பார்த்த ஒருவர் அருகில் இருந்தால்தான் அது மாணவருக்குத் தெரியவரும்.

அழைப்பும் வழிகாட்டலும் பங்கேற்பை எவ்வளவு மாற்றும் என்பதற்குத் திட்டத்தின் இரண்டாம் ஆண்டே சான்று தருகிறது. 2006இல் க்னோம் அமைப்பிற்கு வந்த 181 விண்ணப்பங்களுள் பெண்களிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. அதே கோடையில் அவ்வமைப்பு பெண்களுக்கென வழிகாட்டிகளை நியமித்துத் தனித்திட்டம் ஒன்றை அறிவித்தபோது, நூறு அளவில் விண்ணப்பங்கள் வந்தன. திறமுடைய பெண்கள் சில வாரங்களில் புதிதாகத் தோன்றிவிடவில்லை. அவர்களை நோக்கிய அழைப்பே புதிது. பின்னாளில் 'அவுட்ரீச்சி' என வளர்ந்த முயற்சியின் தொடக்கம் இதுவே.

3. மொறட்டுவை: முன்னோடி மாணவரும் அடுத்த தலைமுறையும்

திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவர்களை இத்திட்டத்திற்கு அனுப்பிய உயர்கல்வி நிறுவனம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. கொழும்பிற்குத் தெற்கே கட்டுபெத்தையில் அமைந்துள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகமே அது. இரண்டு கோடியை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட, உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தைக் கடந்துகொண்டிருந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் இவ்விடத்தைப் பெற்றதற்கான காரணங்கள் ஆய்விற்குரியவை.

முதற்காரணம், திட்டம் தொடங்குவதற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த கட்டற்ற மென்பொருள் சூழல். ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய கணினியியலாளர் சஞ்சீவ வீரவரண தாயகம் திரும்பி, 2003இல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவுவதில் முன்நின்றார். இலங்கை நிரலாளர்கள் கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவோராக மட்டும் இராமல், அவற்றை உருவாக்குவோராக மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்பாச்சி அமைப்பின் இணையச் சேவை மென்பொருளான ஆக்சிஸ் தொகுதியில் இலங்கை இளைஞர்கள் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தனர். 2005இல் வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் கட்டற்ற மென்பொருளையே தொழிலாகக் கொண்டது. எனவே கோடைக்காலத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அப்பாச்சியின் நடைமுறைகளை அறிந்தவர்கள் மொறட்டுவை மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தனர்.

இரண்டாம் காரணம், மாணவர் வழிகாட்டியாக மாறும் சுழற்சி. ஓராண்டில் திட்டத்தை நிறைவு செய்த மாணவர் மறு ஆண்டில் தம் இளையோரின் திட்டவரைவைப் படித்துத் திருத்துகிறார். அவருள் சிலர் அதே மென்பொருள் அமைப்பின் உறுப்பினராகி, முறையான வழிகாட்டிகளாகவும் ஆகின்றனர். மொறட்டுவைப் பொறியியல் பட்டப்படிப்பில் தொழிற்பயிற்சி கட்டாயப் பகுதியாக இருப்பதால், மூத்த மாணவர் பணிபுரியும் நிறுவனத்திற்கு இளைய மாணவர் பயிற்சிக்குச் செல்வதும் இச்சுழற்சியை வலுப்படுத்தியது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். உயர்தரத் தேர்வில் கணிதப் பிரிவில் சிறந்து விளங்குவோரே மொறட்டுவையில் இடம்பெறுகின்றனர். ஆகவே அதன் வெற்றிக்குக் காரணம் தேர்ந்த மாணவர்களேயன்றி வழிகாட்டித் தொடர்ச்சி அன்று எனலாம். இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் கடுமையான நுழைவுத்தேர்வு வழியே மாணவர்களைச் சேர்க்கும் பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலும் சீனாவிலும் பல உள்ளன. அவற்றையெல்லாம் சிறிய நாடொன்றின் ஒரு பல்கலைக்கழகம் விஞ்சியதைத் தேர்ச்சித் தரம் மட்டும் விளக்காது. மேலும், இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காட்டு இடங்களே நாடளாவிய தகுதி வரிசையில் நிரப்பப்படுகின்றன. 55 விழுக்காடு மாவட்ட ஒதுக்கீட்டிற்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. எனவே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உள்ளிட்ட தொலைமாவட்டங்களின் மாணவர்களும் அவ்வளாகத்திற்கு வருகின்றனர். தலைநகரப் பின்புலம் அற்றோரும் வளாகத்தில் நிலவும் மரபிற்குள் நுழைந்தபின் அதன் பயனைப் பெற முடிந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. சகானா: தேவையிலிருந்து பிறந்த மென்பொருள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. காணாமற்போனோர், முகாம்களில் தங்கியோர், உதவி வழங்கும் அமைப்புகள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஒருங்கிணைந்த முறை எதுவும் அப்போது இல்லை. கொழும்பின் மென்பொருள் நிரலாளர்களும் தன்னார்வலர்களும் சில வாரங்களில் அத்தகைய மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் 'நிவாரணம்' எனப் பொருள்படும் 'சகானா' என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதைப் பொதுப்பயன்பாட்டிற்கு ஏற்ப மறுசீரமைத்தது.

பாகிஸ்தான் நிலநடுக்கம் (2005), இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் (2006), எயிட்டி நிலநடுக்கம் (2010) ஆகியவற்றின்போது சகானா பயன்படுத்தப்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்திற்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டிற்கு இதற்குக் கிடைத்தது. கோடைக்காலத் திட்டத்திலும் சகானா வழிகாட்டி அமைப்பாகப் பங்கேற்றது.

வழிகாட்டித் தொடர்ச்சியின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை இலங்கை மாணவர்கள் பிறர் வகுத்த தேவைகளுக்கு நிரல் எழுதினர். சகானா வழியே, தம் நாட்டின் பேரிடரில் எழுந்த தேவையை உலக மாணவர்களின் முன் வைக்கும் நிலைக்கு இலங்கை நிரலாளர்கள் உயர்ந்தனர். எந்த மென்பொருள் எழுதப்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை வழிகாட்டும் அமைப்பிற்கே உரியது. மாணவர் எண்ணிக்கையைக் காட்டிலும் இவ்வுரிமையே நெடுங்காலப் பயனுடையது.

5. கேரளம்: மொழிக்குழுவும் கடலோர வளாகமும்

இந்தியாவில் இதற்கு இணையான இரு நிகழ்வுகள் கேரளத்தில் காணப்படுகின்றன. முதலாவது, ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் மொழிக் கணிமைக் குழு. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவரின் முயற்சியாக 2000களின் தொடக்கத்தில் அரும்பிய இக்குழு, எழுத்துரு, உள்ளீட்டு முறை, இடைமுக மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் உழைத்தது. 2007, 2013 ஆகிய ஆண்டுகளின் கோடைக்காலத் திட்டத்தில் இக்குழு வழிகாட்டி அமைப்பாக ஏற்கப்பட்டது. மலையாளத்தின் எழுத்துருச் சிக்கலும் உள்ளீட்டுச் சிக்கலும் உதவித்தொகையுடன் கூடிய மாணவர் பணிகளாக மாற இது வழிவகுத்தது.

இரண்டாவது, அமிர்தா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகம். கொல்லம் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூரில் அமைந்துள்ள இவ்வளாகத்தில் 2007 முதல் மாணவர்கள் நடத்தும் கட்டற்ற மென்பொருள் மன்றம் இயங்கிவருகிறது. முதலாமாண்டிலேயே மாணவரைச் சேர்த்து, மூத்தோர் இளையோருக்கு நாள்தோறும் பயிற்சியளிப்பது அதன் வழக்கம். இவ்வளாகத்திலிருந்து மாணவர்கள் ஆண்டுதோறும் இத்திட்டத்திற்குத் தேர்வாகி வந்துள்ளனர். மாநகர அண்மை இன்றியமையாத நிபந்தனை அன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

6. தமிழகம்: பாடமும் கருவியும்

தமிழகம் இத்துறையில் பின்தங்கியிருந்தது எனக் கூற இயலாது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கிவருகிறது. 2005இல் மத்திய அரசின் ஆதரவுடன் தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையம் சென்னையில் தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும், சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அதை நடத்தின. சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமாக இடம்பெற்றது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் கொண்டிருந்தன.

தன்னார்வத் தளத்திலும் உழைப்பு குறைவில்லை. தமிழ் லினக்ஸ் முயற்சிகள், தமிழ் விக்கிப்பீடியா (2003), கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதும் கணியம் இதழ் (2012) ஆகியன குறிப்பிடத்தக்கவை. எனினும் இவற்றின் ஆற்றல் பெரிதும் தமிழாக்கம், எழுத்துரு, நூல் வெளியீடு, கலைக்களஞ்சியம் ஆகியவற்றில் குவிந்தது.

மேற்கண்ட அரசு முயற்சிகள் இரண்டு பொருள்களை மாணவர்க்கு அளித்தன: ஒன்று பாடம், மற்றொன்று கருவி. விருப்பப் பாடத்தின் இறுதியில் மாணவர் தேர்வெழுதி மதிப்பெண் பெறுகிறார். அவர் எழுதிய நிரலை எந்த மென்பொருள் அமைப்பும் பார்வையிடுவதில்லை. மடிக்கணினியில் இயங்குதளம் இருந்தது. அதன் வழு ஒன்றைத் திருத்தி அனுப்பும் வழியை உடனிருந்து காட்டுவது கருவியின் வேலையன்று. மொறட்டுவையிலும் அமிர்தபுரியிலும் மூன்றாவதாக ஒரு கூறு இருந்தது. முந்தைய ஆண்டில் அதே பணியைச் செய்த மாணவரே அக்கூறு. இந்தியா பல ஆண்டுகளாக இத்திட்டத்தில் மிகுதியான பங்கேற்பாளர்களைக் கொண்ட நாடாக விளங்குகிறது. ஆயினும் நாட்டளவிலான எண்ணிக்கையின் பெருக்கம், மாவட்டக் கல்லூரிகளுக்கு வாய்ப்பு பரவியதாகப் பொருள்படாது.

7. நாட்காட்டியும் உதவித்தொகையும்

திட்டத்தின் அமைப்பிலேயே உள்ள இரு தடைகளும் சுட்டத்தக்கவை. முதலாவது கோடை என்னும் சொல். மே இறுதி முதல் ஆகஸ்ட் வரை நீளும் பணிக்காலம் அமெரிக்கக் கல்வி ஆண்டிற்கு ஏற்றது. தமிழகக் கல்லூரிகளில் ஏப்ரல், மே மாதங்கள் பருவத்தேர்வுக் காலம். ஜூன், ஜூலை மாதங்களில் அடுத்த பருவம் தொடங்கிவிடுகிறது. ஆகவே தமிழக மாணவர் தேர்விற்குப் படிக்கும்போது அறிமுகக் கட்டத்தையும், வகுப்பிற்குச் செல்லும்போது நிரலாக்கத்தையும் மேற்கொள்ள வேண்டியுள்ளது. 2022இல் 175 மணி, 350 மணி என இருவகைப் பணிகள் அனுமதிக்கப்பட்டதும், கால நீட்டிப்பிற்கு இடமளிக்கப்பட்டதும் இச்சிக்கலைக் குறைத்தன. அதே ஆண்டில் மாணவர் அல்லாத புதியோருக்கும் திட்டம் திறக்கப்பட்டது.

இரண்டாவது உதவித்தொகை. தொடக்கத்தில் எல்லா நாட்டினர்க்கும் ஒரே தொகை வழங்கப்பட்டது. 2017 முதல் நாட்டின் வாங்கும் திறனுக்கேற்ப வேறுபடும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் மாணவர் பெறும் தொகை குறைந்தது. இருப்பினும், முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரின் குடும்பத்திற்கு அது இன்றும் சிறுதொகை அன்று. விடுமுறையில் குடும்பத்தின் நிலத்திலோ கடையிலோ வேலை செய்ய வேண்டிய மாணவர்க்கு, கற்கும் காலத்திற்கு ஊதியம் கிடைப்பதே பங்கேற்பைச் சாத்தியமாக்கும் நிபந்தனையாகும்.

8. ஒட்டன்சத்திரம் நோக்கில் சில முடிவுகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒட்டன்சத்திரம் வட்டாரக் கல்லூரிகளுக்குப் பொருந்தும் மூன்று கருத்துகளை வருவிக்கலாம்.

முதலாவது, தொடக்கம் உலகத் திட்டமாக இருக்க வேண்டியதில்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம், பாடநூல்களிலுள்ள கணக்குகளைச் சைலேப் என்னும் கட்டற்ற மென்பொருளில் நிரலாக்கும் பணியை மாணவர்களுக்கு மதிப்பூதியத்துடன் வழங்கிவந்துள்ளது. இப்பணி பயிலும் பாடத்தோடு இயைந்தது. வெளியாரின் மதிப்பாய்விற்கும் உட்பட்டது. அக்கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. மதிப்பாய்வை எதிர்கொண்டு நிரலைத் திருத்தும் பழக்கம் இத்தகைய சிறுபணிகளிலேயே உருவாகும்.

இரண்டாவது, ஒரு கல்லூரியிலிருந்து ஒரு மாணவர் தேர்வானால் அவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர் எழுதிய திட்டவரைவு, பெற்ற திருத்தங்கள், தவறிய முயற்சிகள் ஆகியன அடுத்த அணிக்குக் கைமாற வேண்டும். தேர்வாகாத மாணவரின் பட்டறிவும் இவ்வகையில் பயனுடையதே. கேடிஇ அமைப்பு 2006 முதல் நடத்தும் தனிப்பருவத் திட்டம், கூகுள் திட்டத்தில் இடம் கிடைக்காதோரை இழந்துவிடாமலிருக்கத் தொடங்கப்பட்டது என்பது நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது, வட்டாரத் தேவையை மென்பொருள் தேவையாக வரையறுக்கும் ஆற்றல் வளர வேண்டும். நாள்தோறும் கேரளத்திற்குக் காய்கறி அனுப்பும் சந்தையொன்றின் வரத்து, விலை, எடை, போக்குவரத்து ஆகியன தமிழிலேயே பேசப்பட்டு, தமிழிலேயே குறிக்கப்படுகின்றன. இவற்றைக் கையாளும் கட்டற்ற மென்பொருளுக்கான தேவையை அவ்வூர் மாணவரைக் காட்டிலும் நன்கு அறிந்தோர் வேறெங்கும் இருக்க இயலாது. ஆழிப்பேரலையின் தேவை சகானாவைத் தந்தது. மலையாள எழுத்தின் தேவை மொழிக்குழுவை வழிகாட்டி அமைப்பாக்கியது. அவ்விரு நிகழ்வுகளிலும் சிக்கலின் அருகில் இருந்தவர்களே முதலில் நிரல் எழுதினர்.

9. முடிவுரை

கோடைக்கால நிரலாக்கத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நடத்தும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. மாணவர் வந்த வளாகங்களின் நோக்கிலிருந்து காணும்போது வேறொரு காட்சி தோன்றுகிறது. மொறட்டுவையின் முதலிடம், அமிர்தபுரியின் தொடர்ச்சி, மலையாளக் குழுவின் ஏற்பு ஆகிய மூன்றிலும், செய்து முடித்தவர் அடுத்தவருக்கு வழிகாட்டியாக நின்றமையே பொதுக்கூறாக உள்ளது. தமிழகத்தில் பாடமும் கருவியும் முன்னரே வழங்கப்பட்டுள்ளன. மாவட்டக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் கைமாறும் வழிகாட்டி மரபு அமையும்போதே அவை முழுப்பயன் தரும். அதற்குத் தேவையான முதலீடு மிகச் சிறிது: ஒரு துறையில் ஓர் ஆசிரியரின் ஆதரவு, வாரத்தில் சில மணிநேரம், பணியை ஒருமுறை செய்து பார்த்த ஒரு மூத்த மாணவர். ஒட்டன்சத்திரத்திலிருந்து முதலில் தேர்வாகும் மாணவரின் வெற்றியை அளப்பதற்கு, அவருக்குப் பின் வருவோரின் எண்ணிக்கையே ஏற்ற அளவுகோலாகும்.